கோட்டுக்கு இப்புறமா, அப்புறமா?

வங்கிக் கிளையின் அறிவிப்புப் பலகையைச் சற்று நின்று வாசித்தால் ஒன்று புலப்படும். அங்கே சமக்குறிக்கு வேலை மிகக் குறைவு. ‘குறைந்தபட்ச இருப்பு’, ‘அதிகபட்ச வைப்பு’, ‘30 லட்சத்துக்கு மிகாமல்’, ‘ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல்’ என்னும் சொற்றொடர்களே நிறைந்திருக்கும். வைப்புத்தொகைக் காப்பீட்டுக்கும் இதே மொழிதான். 2020 பிப்ரவரி 4 முதல், ஒரு வங்கியில் ஒரு வைப்பாளருக்கு அசலும் வட்டியும் சேர்த்து ரூ.5 லட்சம் வரை காப்பீடு உண்டு. அந்த ‘வரை’ என்ற சொல்லில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. கணித ஆசிரியர்கள் அதனை அசமன்பாடு என்பார்கள்.

பதினொன்றாம் வகுப்பில் இப்பாடத்தைப் படித்தவர்கள் நம் வாசகர்களில் பலர் இருப்பர். வரைபடத்தாளில் ஒரு கோடு இழுத்து, அதன் ஒரு புறத்தைப் பென்சிலால் சாய்கோடிட்டு நிரப்பியது நினைவிருக்கலாம். எதற்காக நிரப்பினோம் என்பது பலருக்கும் மறந்திருக்கும். வீட்டுக் கடன் விண்ணப்பத்தைக் கையில் எடுக்கும் நாளில் அந்தப் பென்சில் மீண்டும் தேவைப்படுகிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். புனே நகரில் கணவனும் மனைவியும் பணிபுரிகிறார்கள். இருவர் கைக்கும் சேர்ந்து வரும் மாத ஊதியம் ரூ.90,000. சேமிப்பு ரூ.20 லட்சம். ரூ.50 லட்சத்தில் ஒரு வீடும் ரூ.9 லட்சத்தில் ஒரு காரும் ஒரே ஆண்டில் வாங்க விரும்புகிறார்கள். இரண்டுக்கும் கடன் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு?

தெரியாத எண்கள் இரண்டு. வீட்டுக் கடனை லட்சக் கணக்கில் ‘வீ’ என்றும், கார்க் கடனை லட்சக் கணக்கில் ‘கா’ என்றும் குறிப்போம். தெரியாத எண் ஒன்றே எனில், எண்கோட்டில் ஒரு புள்ளியைக் குறித்து, இடமா வலமா என்று சொல்லி முடித்துவிடலாம். இரண்டு எண்கள் வரும்போது கோடு போதாது. தாள் முழுவதும் வேண்டும். கிடை அச்சில் வீ, செங்குத்து அச்சில் கா. தாளின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு கடன் திட்டம். வலப்புறம் 40, மேலே 4 என்று குறித்த புள்ளி, ‘வீட்டுக்கு 40 லட்சம், காருக்கு 4 லட்சம்’ என்று பேசுகிறது. இவற்றில் எந்தப் புள்ளிகள் நடைமுறைக்கு வரும், எவை வாரா என்று பிரிப்பதே நம் வேலை.

முதல் கோடு

இ.எம்.ஐ. எனப்படும் மாதத் தவணை வருமானத்தில் எவ்வளவு பங்கை எட்டலாம் என்பது வங்கிக்கு வங்கியும் வருமானத்துக்கு ஏற்பவும் மாறும். இங்கே பாதி என்று கொள்வோம், அதாவது ரூ.45,000. வீட்டுக் கடன் 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு எனில், ஒவ்வொரு லட்சத்துக்கும் மாதத் தவணை ரூ.868. கார்க் கடன் 9 சதவீதத்தில் 5 ஆண்டுகளுக்கு எனில், லட்சத்துக்கு ரூ.2,076. ஆகவே முதல் நிபந்தனை:

868 வீ + 2076 கா ≤ 45,000

இதனை வரைவதற்கு முதலில் ‘≤’ குறியை மறந்து சமக்குறி இட்டுக்கொள்வோம். அப்போது அது ஒரு நேர்கோடு. நேர்கோட்டுக்கு இரண்டு புள்ளிகள் போதும். கார்க் கடனே இல்லையெனில் வீ = 45,000 ÷ 868, அதாவது 51.84. வீட்டுக் கடனே இல்லையெனில் கா = 45,000 ÷ 2,076, அதாவது 21.68. கிடை அச்சில் 51.84-ஐயும் செங்குத்து அச்சில் 21.68-ஐயும் குறித்து, அளவுகோல் வைத்து இணைத்தால் கோடு வந்துவிடும்.

இப்போது தாள் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. எந்தப் புறம் நமக்குரியது? இதனை அறிய நீண்ட சிந்தனை வேண்டாம். கோட்டின் மேல் அமையாத ஏதேனும் ஒரு புள்ளியை எடுத்து நிபந்தனையில் இட்டுப் பார்த்தால் போதும். மிக எளிது ஆதிப்புள்ளி: வீ = 0, கா = 0. கடனே வாங்காதவரின் தவணை சுழியம், அது 45,000-ஐவிடச் சிறியது, நிபந்தனை உண்மையாகிறது. எனவே ஆதிப்புள்ளி இருக்கும் புறம் முழுவதும் ஏற்புடையது. ஒரே ஒரு புள்ளியைச் சோதித்துவிட்டு ஒரு புறம் முழுவதற்கும் தீர்ப்பு எழுதலாமா என்ற ஐயம் எழலாம். எழுதலாம். கோட்டைக் கடக்காமல் ஒரு புள்ளியிலிருந்து இன்னொன்றுக்குச் செல்லும்வரை தவணைத் தொகை 45,000-ஐத் தாண்டுவதில்லை. தாண்டும் இடம்தான் கோடு.

கடன் எதிர்ம எண்ணாக இருக்க இயலாது என்பதால் வீ ≥ 0, கா ≥ 0 என்னும் இரு நிபந்தனைகளும் சொல்லாமலே உடன் வருகின்றன. ஆகவே தாளின் வலமேல் கால்பகுதி மட்டும் நமக்குப் போதும். எஞ்சுவது ஒரு முக்கோணம். வீட்டுக்கு 30, காருக்கு 8 என்ற புள்ளி அதற்குள் விழுகிறது, தவணை ரூ.42,648. வீட்டுக்கு 40, காருக்கு 8 என்பது வெளியே விழுகிறது. அங்கே தவணை ரூ.51,328.

அந்தக் கோட்டின் சரிவைச் சற்று நேரம் பார்த்திருப்பது நல்லது. 2,076-ஐ 868-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 2.39. அதாவது, காருக்கு ஒரு லட்சம் கூடுதலாகக் கடன் வாங்கும் குடும்பம், அதே தவணை வரம்புக்குள் வீட்டுக்கு வாங்கக்கூடிய கடனில் 2 லட்சத்து 39 ஆயிரத்தை இழக்கிறது. வட்டி விகித வேறுபாடு இதற்குச் சிறு காரணமே. ஒன்று 20 ஆண்டுகளில் திரும்புகிறது, மற்றொன்று 5 ஆண்டுகளில் திரும்புகிறது என்பதே பெரிய காரணம். காட்சியகத்தில் காரின் உயர்ரகத்தைப் பார்த்து ‘இன்னும் ஒரு லட்சம்தானே’ என்று சொல்பவர், தம் வீட்டின் ஓர் அறையின் பரப்பைக் குறைத்துக்கொண்டிருக்கக் கூடும்.

கோடு நமக்குரியதா?

‘மிகாமல்’ என்றால் அந்த எண்ணும் அடக்கம். ‘குறைவாக’ என்றால் அந்த எண் அடங்காது. வரைபடத்தில் இந்த வேறுபாட்டை, முன்னதற்கு முழுக் கோடாகவும் பின்னதற்குப் புள்ளிக் கோடாகவும் காட்டுவர். வகுப்பறையில் இது மதிப்பெண் இழக்கும் சிறு நுணுக்கமாகத் தோன்றும். கடன் விதிகளில் அது பணமாக மாறுகிறது.

இந்திய ரிசர்வ் வங்கியின் விதிப்படி, வீட்டுக் கடன் 30 லட்சம் வரை எனில் வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம். 75 லட்சத்துக்கு மேல் 75 சதவீதம். சரியாக 30 லட்சம் கேட்பவர் முதல் வகுப்பில் நிற்கிறார். ஒரு ரூபாய் கூட்டிக் கேட்பவர் இரண்டாம் வகுப்புக்குப் போய்விடுகிறார். இதன் வரைபடம் மிகச் சுவையானது. பிறகு அதற்கு வருவோம்.

நம் புனே தம்பதியின் வீடு 50 லட்சம். 80 சதவீதம் எனில் 40 லட்சம். ஆக வீ ≤ 40; இது தாளில் 40 என்னுமிடத்தில் நிமிர்ந்து நிற்கும் செங்குத்துக் கோடு. கார் விலை முழுவதையும் வங்கி தராது; 8 லட்சம் வரை தரும் என்று கொண்டால் கா ≤ 8; இது படுத்த கோடு.

குறி திரும்பும் இடம்

கடன் போக எஞ்சியதைக் கைக்காசாகக் கட்ட வேண்டும். முத்திரைத்தாள் கட்டணம், பதிவுக் கட்டணம் முதலியவற்றை வீட்டின் விலையோடு சேர்த்துக் கடன் கணக்கிடப் பொதுவாக விதி இடம் தருவதில்லை. அவை முழுவதும் சேமிப்பிலிருந்தே போகும். அதற்கு 4 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். நோய், வேலையிழப்பு போன்ற அவசரங்களுக்கு 3 லட்சத்தைத் தொடுவதில்லை என்று தம்பதி முடிவு செய்திருக்கிறார்கள். 20 லட்சத்தில் மீதி 13 லட்சம். வீட்டில் கடன் போக மீதியும், காரில் கடன் போக மீதியும் சேர்ந்து இந்த 13-ஐத் தாண்டக் கூடாது:

(50 − வீ) + (9 − கா) ≤ 13

சுருக்கினால் 59 − வீ − கா ≤ 13. இரு புறமும் 59-ஐக் கழித்தால், − வீ − கா ≤ − 46. இப்போது கழித்தல் குறிகளை நீக்க இரு புறமும் −1 ஆல் பெருக்க வேண்டும். பெருக்கும்போது அசமன்பாட்டின் குறி திரும்பிவிடும்:

வீ + கா ≥ 46

ஏன் திரும்புகிறது என்று பள்ளியில் பலருக்கும் யாரும் சொல்வதில்லை, மனப்பாடமாகவே போய்விடுகிறது. வங்கி வாடிக்கையாளருக்கு இதில் புதிர் ஏதுமில்லை. கையில் 5 லட்சம் உள்ளவர் 3 லட்சம் உள்ளவரைவிட வசதியானவர். அதே தொகைகள் கடனாக மாறினால், 5 லட்சம் கடன்பட்டவரே தாழ்ந்த நிலையில் இருக்கிறார். 3 < 5 எனில் −3 > −5. இருப்பைக் கடனாகப் புரட்டும் கணத்தில் வரிசையும் புரண்டுவிடுகிறது.

புதிய நிபந்தனையின் பொருள் தெளிவானது: இரு கடன்களும் சேர்ந்து 46 லட்சத்துக்குக் குறையக் கூடாது. கிடை அச்சில் 46, செங்குத்து அச்சில் 46 என்ற புள்ளிகளை இணைத்துக் கோட்டை வரையலாம். ஆதிப்புள்ளியைச் சோதித்தால் 0 ≥ 46 என்பது பொய். ஆகவே இம்முறை ஆதிப்புள்ளிக்கு எதிர்ப்புறமே நமக்குரியது. முதல் கோடு ‘இதற்கு மேல் வாங்காதே’ என்கிறது. இக்கோடு ‘இதற்குக் கீழ் வாங்கினால் பணம் பற்றாது’ என்கிறது. இரண்டுக்கும் நடுவே ஏதேனும் இடம் உண்டா?

இடமில்லாத தாள்

வீ = 40 என்ற செங்குத்துக் கோட்டில் நின்று பார்ப்போம். கைக்காசு நிபந்தனைப்படி கார்க் கடன் குறைந்தது 6 லட்சம் வேண்டும். தவணை நிபந்தனைப்படி, 45,000-இல் வீட்டுக்கான 34,720 போக மீதி 10,280. அதனை 2,076-ஆல் வகுத்தால் கார்க் கடன் 4.95 லட்சத்துக்கு மேல் கூடாது. ஆறுக்கு மேலும் ஐந்துக்குக் கீழும் இருக்கும் எண் உலகில் இல்லை.

வீட்டுக் கடனைக் குறைத்தால் வழி பிறக்குமா? இடப்புறம் ஒரு லட்சம் நகரும்போது கைக்காசுக் கோடு ஒரு லட்சம் மேலேறுகிறது. தவணைக் கோடோ 0.42 லட்சம் மட்டுமே ஏறுகிறது. இடைவெளி அகலுமேயன்றிக் குறையாது. இரு கோடுகளும் சந்திக்கின்றன; ஆனால் அந்தச் சந்திப்பு வீ = 41.80, கா = 4.20 என்ற இடத்தில் நிகழ்கிறது. அது 40 என்ற வேலிக்கு அப்பால் இருக்கிறது. எல்லா நிபந்தனைகளையும் ஒருசேர நிறைவு செய்யும் புள்ளி தாளில் ஒன்றுகூட இல்லை. கணிதத்தில் இதனை ‘ஏற்புடைய பகுதி வெற்றுப் பகுதி’ என்பர்.

இங்கேதான் வரைபடத்தின் பயன் விளங்குகிறது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு வினாவுக்கும் ‘ஆம்’ என்றே விடை வந்திருக்கும். 40 லட்சம் வீட்டுக் கடனின் தவணை வரம்புக்குள் இருக்கிறது. 8 லட்சம் கார்க் கடனின் தவணையும் (ரூ.16,608) வரம்புக்குள் இருக்கிறது. சேமிப்பும் கணிசமாக இருக்கிறது. வீட்டுக்கு முன்பணம் கொடுத்தபின், காருக்கும் முன்பதிவு செய்தபின், பத்திரப் பதிவுக்கு இரு வாரங்கள் இருக்கையில் பற்றாக்குறை தெரியவந்தால் முன்பணம் போய்விடும் நிலை ஏற்படலாம். அந்தச் செய்தியை ஒரு வரைபடத்தாள் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

வெற்றுப் பகுதி என்பது முற்றுப்புள்ளியன்று. ஏதேனும் ஒரு கோட்டை நகர்த்த வேண்டும் என்பதே அதன் செய்தி. எந்தக் கோட்டை?

காரின் விலையை 9 லட்சத்திலிருந்து 7 லட்சமாக்கினால் கைக்காசுக் கோடு ஆதிப்புள்ளியை நோக்கி நகர்ந்து வீ + கா ≥ 44 ஆகிறது. கார்க் கடன் வரம்பும் 6 லட்சமாகக் குறையும் என்று கொள்வோம். இப்போது ஒரு சிறு முக்கோணம் திறக்கிறது. அதன் முனைகள் (40, 4), (40, 4.95), (38.36, 5.64). மிகச் சிறிய இடம்தான். ஆயினும் குடியேற இடம் கிடைத்துவிட்டது.

காரின் விலையைத் தொடாமல், கார்க் கடனின் காலத்தை 7 ஆண்டுகளாக நீட்டலாம். லட்சத்துக்கான தவணை ரூ.1,609 ஆகக் குறைகிறது. தவணைக் கோடு, கிடை அச்சில் 51.84-இல் ஆணி அடித்ததுபோல் நின்று, மறுமுனை மட்டும் 21.68-இலிருந்து 27.97-க்கு உயர்கிறது. வீ = 40-இல் கார்க் கடன் 6.39 லட்சம் வரை போகலாம், தேவை 6. இங்கும் ஒரு முக்கோணம் பிறக்கிறது. ஆனால் 6 லட்சம் கார்க் கடனுக்கு 5 ஆண்டுகளில் கட்டும் வட்டி ரூ.1,47,360, 7 ஆண்டுகளில் கட்டும் வட்டி ரூ.2,10,936. இடைவெளியைத் திறக்கக் கொடுத்த விலை ஏறத்தாழ ரூ.63,600.

மூன்றாவது வழியும் உண்டு. பெரும்பாலோர் முதலில் நாடுவது அதையே. அவசர நிதி 3 லட்சத்தை எடுத்துவிட்டால் நிபந்தனை வீ + கா ≥ 43 ஆகி, இடம் தாராளமாகக் கிடைக்கும். எம் கருத்தில் நகர்த்தவே கூடாத கோடு இதுதான். மாதம் 45,000 தவணை கட்டும் குடும்பத்துக்கு 3 லட்சம் என்பது ஏழு மாதத் தவணைக்குக்கூடப் போதாது. அதையும் எடுத்துவிட்டுக் காரில் ஏறுவது கணிதத்தில் பிழையன்று, இல்லறத்தில் பிழை. காரை இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போடும் வழியும் இருக்கிறது. அது எல்லோருக்கும் தெரிந்ததே என்பதால் விரிக்கவில்லை.

முனைகளின் பெருமை

7 லட்சம் காரின் முக்கோணத்துக்குள் எண்ணற்ற புள்ளிகள் உள்ளன. எதைத் தேர்வது? மாதத் தவணை குறைவாக இருக்க வேண்டும் என்பதே நோக்கமெனில், உட்புறத்தைத் தேட வேண்டியதில்லை. முனைகளை மட்டும் பார்த்தால் போதும். (40, 4)-இல் தவணை ரூ.43,024. மற்ற இரண்டும் தவணைக் கோட்டின் மீதே அமைந்தவை, அங்கே ரூ.45,000. ஆக (40, 4). நோக்கமும் நிபந்தனைகளும் நேர்கோடுகளாக அமைந்து, சிறந்த விடை என ஒன்று இருந்தால், அது முனை ஒன்றிலாவது கிட்டும் என்பது நிறுவப்பட்ட உண்மை.

இரண்டு மாறிகள் இருக்கும்வரை தாளில் வரையலாம். ஆயிரம் மாறிகள் வந்தால்? தொழிற்சாலைகளும் விமான நிறுவனங்களும் சந்திக்கும் வினா அது. சோவியத் ரஷ்யாவில் கான்டரோவிச் 1939-இல் இதற்கு வழி வகுத்தார். அமெரிக்காவில் ஜார்ஜ் டான்ட்சிக் 1947-இல், முனைக்கு முனை நடந்து செல்லும் சிம்ப்ளெக்ஸ் முறையைக் கண்டார். 1975-இல் பொருளாதார நோபல் பரிசு கான்டரோவிச்சுக்கும் கூப்மன்சுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது; டான்ட்சிக்கின் பெயர் அதில் இல்லாதது இன்றும் பேசப்படுகிறது. குவாலியரில் பிறந்த நரேந்திர கர்மார்க்கர் 1984-இல் பெல் ஆய்வகத்தில் இருந்தபோது, முனைகளைச் சுற்றாமல் பகுதியின் உள்ளே புகுந்து செல்லும் புதிய முறையை வெளியிட்டார். நம் தம்பதிக்கு அந்த அளவு தேவையில்லை. அளவுகோலும் பென்சிலும் போதும்.

கோடே நகர்ந்தால்?

வீட்டுக் கடன் வட்டி மாறும் வட்டியாக இருந்தால், நாம் வரைந்த கோடும் நிலையானதன்று. (40, 4) என்ற புள்ளியை வைத்துக்கொள்வோம். வட்டி 9 சதவீதமானால் லட்சத்துக்குத் தவணை ரூ.900, மொத்தம் ரூ.44,304. இன்னும் உள்ளேதான். 9.5 சதவீதமானால் லட்சத்துக்கு ரூ.932, மொத்தம் ரூ.45,584. புள்ளி இருந்த இடத்திலேயே இருக்கிறது. கோடு அதனைக் கடந்து போய்விட்டது. ஒரு சதவீத உயர்வு நிகழக் கூடாததா? 2022 மே மாதத்துக்கும் 2023 பிப்ரவரிக்கும் இடையே ரெப்போ விகிதம் 4.00 சதவீதத்திலிருந்து 6.50 சதவீதமாக உயர்ந்தது.

நடைமுறையில் தவணையை உயர்த்தாமல் காலத்தை நீட்டுவதும் உண்டு. கடன் தொடக்கத்திலேயே வட்டி 9.5 சதவீதமாகி, தவணை பழைய 868-இலேயே நின்றால், 240 மாதக் கடன் ஏறத்தாழ 308 மாதக் கடனாகிவிடும். தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலப்பதா என்ற தேர்வைக் கடன்தாரருக்கு வழங்க வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. வாடிக்கையாளர்கள் இத்தேர்வைக் கேட்டுப் பெறலாம். வரைபடம் வரையும்போதே இன்றைய வட்டிக்கு ஒரு கோடும், அதைவிட ஒரு சதவீதம் கூடிய வட்டிக்கு இன்னொரு கோடும் வரைந்து, இரண்டுக்கும் உள்ளே விழும் புள்ளியைத் தேர்வது தகும். காரின் விலையை 6.5 லட்சமாக்கிப் புள்ளியை (40, 3.5)-க்கு நகர்த்தினால், 9.5 சதவீத வட்டியிலும் தவணை ரூ.44,546 தான்.

30 லட்சத்தின் மேட்டுநிலம்

முன்பு தள்ளிவைத்த வரைபடத்துக்கு வருவோம். கிடை அச்சில் வீட்டு மதிப்பு, செங்குத்து அச்சில் விதி அனுமதிக்கும் அதிகபட்சக் கடன். தொடக்கத்தில் கோடு 90 சதவீதச் சரிவில் ஏறுகிறது. மதிப்பு 33.33 லட்சத்தை எட்டும்போது கடன் 30 லட்சம். அதற்கு மேல் 90 சதவீதம் செல்லாது. 80 சதவீதமோ, மதிப்பு 37.5 லட்சமாகும்போதுதான் 30 லட்சத்தைத் தொடுகிறது. ஆகவே 33.33-க்கும் 37.5-க்கும் இடையே வரைபடம் சமதரையாகக் கிடக்கிறது. வீட்டின் விலை ஏறுகிறது, கடன் ஏறுவதில்லை. அந்தச் சமதரையில் ஒவ்வொரு கூடுதல் ரூபாயும் வாங்குபவர் பையிலிருந்தே வர வேண்டும். 33.33 லட்சம் வீட்டுக்குக் கைக்காசு 3.33 லட்சம், 37.5 லட்சம் வீட்டுக்கு 7.5 லட்சம். விலை எட்டில் ஒரு பங்கு உயர, கைக்காசு இரு மடங்குக்கு மேல் உயர்கிறது. 34 லட்சத்துக்கும் 37 லட்சத்துக்கும் இடையே இரு வீடுகளை ஒப்பிடும் இளம் குடும்பத்தினர் இதனை அறிந்திருப்பது நன்று. வங்கிகள் விதியைவிடக் கண்டிப்பான வரம்பை வைத்துக்கொள்ளலாம் என்பதும் நினைவிருக்கட்டும்.

இவ்வரைபடத்துக்கு இன்னொரு சிறப்பு உண்டு. புனே தம்பதியின் நிபந்தனைகள் யாவும் ‘இதுவும் வேண்டும், அதுவும் வேண்டும்’ என்று இணைந்தவை. அவ்வாறு இணைந்த நேரிய அசமன்பாடுகள் தரும் பகுதி எப்போதும் குவிந்தே இருக்கும். அதற்குள் எந்த இரு புள்ளிகளை இணைத்தாலும் இணைக்கும் கோடு வெளியே போகாது. வீட்டுக் கடன் வரம்போ ‘இந்த வகுப்பு அல்லது அந்த வகுப்பு’ என்று அமைந்தது. அதனால் பகுதியில் ஒரு பள்ளம் விழுகிறது. மதிப்பு 33.33, கடன் 30 என்பது அனுமதிக்கப்பட்டது. மதிப்பு 60, கடன் 48 என்பதும் அனுமதிக்கப்பட்டதே. இரண்டுக்கும் நடுப்புள்ளியான மதிப்பு 46.67, கடன் 39 என்பது அனுமதிக்கப்படாதது. அங்கே 80 சதவீதம் 37.33 தான். ‘உம்’ என்ற இடைச்சொல்லுக்கும் ‘அல்லது’ என்ற சொல்லுக்கும் உள்ள வேறுபாட்டைத் தாளில் கண்ணால் பார்க்கலாம்.

ஓய்வுக்குப் பின்

கடன் வாங்குபவருக்கு மட்டுமே இக்கணக்கு என்று எண்ண வேண்டா. பணி ஓய்வு பெற்ற ஒருவரிடம் 40 லட்சம் இருக்கிறது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் இடக்கூடிய உச்ச வரம்பு 2023 ஏப்ரலில் 15 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தப்பட்டது. அப்போது அறிவிக்கப்பட்ட வட்டி 8.2 சதவீதம். பணம் ஐந்தாண்டுகள் கட்டுண்டிருக்கும். இடையில் எடுத்தால் பிடித்தம் உண்டு. எளிதில் எடுக்கத்தக்க வங்கி வைப்புக்கு 6.5 சதவீதம் என்று கொள்வோம். அவருக்கு ஆண்டுக்கு ரூ.2,90,000 வட்டி வருமானம் வேண்டும். வரி தனி.

திட்டத்தில் ‘தி’ லட்சம், வைப்பில் ‘வை’ லட்சம் எனில் தி + வை ≤ 40. தி ≤ 30. 8,200 தி + 6,500 வை ≥ 2,90,000. முதல் இரண்டு கோடுகளும் வேலியாக நிற்க, மூன்றாவது ஆதிப்புள்ளிக்கு எதிர்ப்புறத்தைக் கேட்கிறது. தி + வை = 40 என்ற கோட்டை மூன்றாவது கோடு வெட்டும் இடத்தில் தி = 17.65. ஆக, திட்டத்தில் சுமார் 17.65 லட்சம் இட்டாலே தேவை நிறைவேறுகிறது, 22.35 லட்சத்தைக் கைக்கெட்டும் தொலைவில் வைத்துக்கொள்ளலாம். ‘வட்டி கூடுதல்’ என்று முழு 30 லட்சத்தையும் கட்டிப்போட வேண்டிய கட்டாயம் இல்லை. அறுவைச் சிகிச்சைக்கோ பேத்தியின் படிப்புக்கோ திடீரெனப் பணம் தேவைப்படும் வயதில் இந்த வேறுபாடு சிறிதன்று.

தேவை 3 லட்சமானால் மூன்றாவது கோடு வெளியே நகர்ந்து, தி குறைந்தது 23.53 ஆகிறது. சரியாக 3,11,000 ஆகும்போது ஏற்புடைய பகுதி சுருங்கிச் சுருங்கி ஒரே புள்ளியாக மிஞ்சுகிறது: திட்டத்தில் 30, வைப்பில் 10. அதற்கு மேல் ஒரு ரூபாய் தேவைப்பட்டாலும் அசலிலிருந்துதான் எடுக்க வேண்டும்.